பச்சை வயர் எங்கே போகிறது?

"ஹோல்ல கடைசி லைட்ட ஈரத் துணியால தொடைச்சேன். எறும்பு கடிச்ச மாதிரி விரல்ல சுள்ளுன்னுச்சு. லைட் என்னமோ நல்லாத்தான் எரியுது. வந்து பாக்கணுமா, அப்படியே விட்டுறலாமா?"

அம்பிட்டியவிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போனில் கேட்டார். பாஸ் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அந்த லைட்டத் தொடாதீங்க டீச்சர். ஹோல் லைட் பிரேக்கர ஓஃப் பண்ணி வைங்க. காலையில வாறோம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பாஸிடம் வயரிங் பழகச் சேர்ந்து அப்போது எனக்கு ஏழு மாதம். சுவர் கொத்துவேன், பைப் வெட்டுவேன், ஏணி பிடிப்பேன், பிளேன்டீ வாங்கி வருவேன். மீட்டரை மட்டும் என் கையில் தரமாட்டார். "அளக்கிறது கடைசிப் பாடம்" என்பார்.

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவன் நான். எங்கள் காம்பிராவில் ஒரு குண்டு பல்பு, ஒரு பிளக். கூரைத் தகட்டுக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் ஓடும். ஓ.எல். விஞ்ஞானத்தில் உயிர்க் கம்பி, நொதுமற் கம்பி, புவிக் கம்பி என்று மூன்றையும் வரைந்து பெயர் குறித்துப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் மனதுக்குள் கரண்ட் என்றால் இரண்டு வயர்தான். ஒன்றில் வரும், மற்றதில் திரும்பும். மூன்றாவது, பரீட்சைக்கு மட்டும் வரும் வயர்.

மறுநாள் காலை கண்டியில் தலாத்துஓயா பஸ் ஏறினோம். அம்பிட்டிய நாலு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் வாவியைத் தாண்டியதும் ஏற்றம், வளைவு என்று பஸ் முனகிக்கொண்டே போகும். அம்பிட்டிய என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது குருமடம். பாப்பரசர் 13ஆம் லியோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து 1893இல் தொடங்கிய குருமடம் அது. 1955இல் அது புனேக்கு இடம்மாற, அந்தக் கட்டடம் இலங்கையின் தேசிய குருமடமானது. டீச்சர் வீடு அந்தப் பக்கத்துச் சரிவில், பலா மரங்களுக்கு நடுவே. கூரையில் குரங்குகள் ஓடிய அடையாளமாக நாலைந்து ஓடுகள் விலகிக் கிடந்தன. பாஸ் உள்ளே நுழையுமுன் அதைத்தான் பார்த்தார். "ஓடு வெலகினா மழை. மழைன்னா சீலிங்குல ஈரம். மனசுல வச்சுக்க" என்றார்.

ஹோலில் ஜிப்சம் சீலிங். அதில் பதித்த வட்ட எல்.ஈ.டி. லைட்கள் எட்டு. விளிம்பும் உடலும் அலுமினியம். முதல் ஐந்தும் வீடு கட்டும்போதே போட்டவை. பிறகு விறாந்தையை அடைத்து ஹோலோடு சேர்த்தபோது இன்னும் மூன்றைப் போட்டிருக்கிறார்கள். டீச்சரின் விரலில் சுள்ளென்றது எட்டாவது.

பாஸ் பிரேக்கரைப் போட்டு லைட்டை எரிய விட்டார். மர ஏணியில் ஏறச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த ஸ்குரூ டிரைவர் டெஸ்டரை என்னிடம் நீட்டினார். விளிம்பில் வைத்தேன். நியோன் மங்கலாக மினுங்கியது.

"பாஸ், ஷோட்! பொடியில கரண்ட் இருக்கு!"

"கத்தாத. இப்ப மீட்டர வை." அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மஞ்சள் மீட்டர் என் கைக்கு வந்தது. போர்டிலிருந்து நீள வயர் ஒன்றால் ஏர்த்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு முனையை அதிலும் மறு முனையை விளிம்பிலும் வைத்ததும் 97 வோல்ட் காட்டியது. எனக்குத் தொண்டை வறண்டது. பாஸ் தன் பையிலிருந்து இரண்டு முனை டெஸ்டரை எடுத்து அதே இடங்களில் வைத்து, அதன் பொத்தானை அழுத்தச் சொன்னார். அந்தப் பொத்தான் உள்ளே ஒரு சுமையைச் சேர்க்கும். அழுத்தியதும் 97 மூன்றாகச் சரிந்தது. விட்டால் மறுபடி ஏறியது.

கீழே இறங்கியதும் விளக்கினார். எல்.ஈ.டி. லைட்டுக்கு டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை லைட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது அதுதான். அதிலிருந்து எழும் மின் இரைச்சலை அடக்க, சில டிரைவர்களில் உள்ளிருந்து உலோக உடலுக்கு ஒரு சின்னக் கொள்ளளவி போடுவார்கள். அது வழியே துளிக் கரண்ட் எப்போதும் கசியும். ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது. ஏர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அந்தத் துளி சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் போக வழியின்றி உடலிலேயே நிற்கும். ஈரக் கை பட்டால் அந்தக் கைவழியாகப் போகும். அதுதான் சுள்.

"அப்ப ட்ரிப் சுவிட்ச் ஏன் விழல?"

"30 மில்லி ஆம்பியர் ஓடினா அது கட்டாயம் விழணும். 15க்குக் கீழ அது அசையவே கூடாது, அப்படித்தான் செய்றாங்க. இது ஒன்னுகூட இல்லியே."

"அப்ப ஆபத்தில்லியா?"

"இந்தச் சுள்ளு ஆளக் கொல்லாது. ஆனா ஏர்த் இல்லன்னு அது சொல்லுது பாரு, அதக் கேக்கணும்."

அடுத்தது சோதனை. மெயின் சுவிட்சை ஓஃப் செய்து, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அதன்மேல் டேப் ஒட்டினார். ஓஃப் செய்தால் மட்டும் போதாது. டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நாம் கை வைக்கப்போகும் இடத்தில் கரண்ட் இல்லையென்று பார்க்க வேண்டும். மறுபடியும் கரண்ட் உள்ள இடத்துக்குப் போய் டெஸ்டர் இடையில் செத்துப்போகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மெயின் சுவிட்சுக்கு மேல்பக்கம் கரண்ட் இருக்கும் என்பதால் முதலாவதையும் மூன்றாவதையும் பாஸ் அங்கேயே செய்தார். இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அன்றைக்குச் சம்பளம் கிடையாது என்பது அவருடைய சட்டம்.

பிறகு நீள வயரின் ஒரு முனையைப் போர்டிலுள்ள ஏர்த் கட்டையில் முடுக்கினார். மறு முனையை மீட்டரில் சேர்த்தார். ஒவ்வொரு லைட்டின் உடலிலும் மீட்டரின் மற்ற முள்ளை வைத்து ஓம் அளக்க வேண்டியது என் வேலை. ஏறப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எவ்வளவு வரும்னு சொல்லிட்டு ஏறு."

எனக்கு விளங்கவில்லை. "ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 100 மீட்டருக்கு 1.8 ஓம். முதல் லைட்டுக்கு வயர் சுத்திச் சுத்தி 18 மீட்டர் போகுதுன்னு வை. எவ்வளவு?" கணக்குப் போட்டேன். 0.3 ஓம் அளவில். ஐந்தாவது 28 மீட்டர் என்றால் 0.5. எட்டாவது 38 என்றால் 0.7. "அளக்குறதுக்கு முந்தி எதிர்பார்க்கணும். எதிர்பார்க்காதவனுக்கு எந்த நம்பர் வந்தாலும் சரியாத்தான் தெரியும்." நீள வயருக்கும் ஓம் உண்டு. அதை முதலில் அளந்து கழிக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லித் தந்தார்.

முதல் ஐந்து லைட்களும் கணக்குப்படி வந்தன: 0.3, 0.4, 0.4, 0.5, 0.5. ஆறாவது 3.8. ஏழாவது 4.1. எட்டாவது 3.6. மீட்டர் "பீப்" என்று கத்தியது. வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். "எட்டுலயும் ஏர்த் இருக்கு பாஸ்" என்றேன்.

பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. "எட்டாவத லேசா ஆட்டு" என்றார். ஆட்டினேன். 3.6 ஒன்பதானது, ஐந்தானது, ஒரு கணம் எண்ணே இல்லாமல் போனது. "வயரா இருந்தா ஆடுமா?"

லைட்டின் இரண்டு ஸ்பிரிங் காதுகளையும் மடக்கிக் கீழே இறக்கினோம். டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். ஜிப்சத்துக்கு மேலே ஜி.ஐ. சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. ஸ்பிரிங் காது ஒன்று சட்டத்தை உரசிக்கொண்டிருந்திருக்கிறது. அதே சட்டத்தை ஐந்தாவது லைட்டின் காதும் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அளந்தது ஏர்த் வயரை அல்ல, சீலிங்கின் இரும்பை. ஐந்தாவதின் ஏர்த், ஸ்குரூக்களின் தயவில், சட்டம் சட்டமாகத் தாவி எட்டாவதுக்கு வந்திருக்கிறது. டீச்சர் துடைத்தபோதும் நான் 97 வோல்ட் அளந்தபோதும் காது சட்டத்தைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும். ஓம் அளந்த நேரம் தொட்டுக்கொண்டது.

"சரி, வயர அள" என்றார். லைட்டின் ஏர்த் முனையில் ஒரு பச்சை வயர் அழகாக முடுக்கியிருந்தது. அதைக் கழற்றி, அதன் நுனியில் முள்ளை வைத்தேன். மீட்டர் வாய் திறக்கவில்லை. பச்சை வயரைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். கையோடு வந்தது. ஒரு சாண் நீளம். மறு நுனி எதிலும் சேராமல் வெட்டப்பட்டிருந்தது. ஆறிலும் ஏழிலும் அதே ஒரு சாண் பச்சை. ஐந்தாவதிலிருந்து மூன்றுக்கும் போனது இரண்டே வயர். நான் பிறந்த லயத்தில் ஓடியதைப் போல.

எனக்குக் கோபம் வந்தது. பார்க்கிறவர் கண்ணுக்காக மட்டும் ஒருவர் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பாஸைப் பார்த்தேன். அவர் அந்த ஒரு சாண் வயரை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நானும் செஞ்சிருக்கேன் தம்பி. இருபது வயசுல. வயர் காணல, கடை பூட்டியாச்சு, வீட்டுக்காரர் லைட் எரியணும்னு நிக்கிறாரு. எரிஞ்சுது, காசும் தந்தாரு. அந்த வீட்டுக்குப் பொறகு போய்ச் சரி பண்ணினேன். போகாம இருந்திருந்தா இன்னைக்கும் தூக்கம் வராது."

டீச்சர் பிளேன்டீயோடு வந்தார். வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டார்: "இத்தனை வருஷம் ஒன்னும் ஆகலியே. இதனால என்ன ஆகும்?"

பாஸ் சீலிங்கைக் காட்டினார். "டீச்சர், மேல எலிப் புழுக்கை கெடக்கு. ஓடு வெலகி மழையும் உள்ள வருது. ஒரு நாள் எலி சிவப்பு வயரக் கடிக்கும். அந்தச் செம்பு லைட்டோட பொடியில படும். ஏர்த் இருந்தா அந்த நிமிஷமே கரண்ட் மண்ணுக்கு ஓடும், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ட்ரிப் விழும். நீங்க ஏன் விழுந்துச்சுன்னு எங்களத் திட்டிக்கிட்டே கூப்பிடுவீங்க. ஏர்த் இல்லன்னா ஒன்னுமே நடக்காது. லைட்டும் எரியும். அந்த விளிம்பு முழு 230 வோல்ட்டோட, யாராச்சும் தொடுற வரைக்கும் அப்படியே காத்துக்கிட்டிருக்கும்."

"தொட்டா ட்ரிப் விழுந்திடுமே?"

"விழும். உங்க ஒடம்பு வழியாக் கரண்ட் ஓடின பொறகு. ஏணியில நிக்கிறப்ப அந்த ஒரு உதறல் போதும், கீழ விழுந்து இடுப்ப ஒடிச்சுக்க. ட்ரிப்பும் பழசாகி ஒட்டிக்கிட்டிருந்தா, சொல்லவே வேணாம்."

பிறகு என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குசினிச் சுவரோரம் மண்ணில் ஏர்த் கம்பி. சீலிங்கிலிருந்து வரும் பச்சை வயர்கள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். கிளிப்பில் செம்பு களிம்பேறிப் பச்சையாகக் கிடந்தது. மெயின் ஓஃப் ஆகவே இருந்ததால் வயரைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்தோம். தோட்டத்துச் சரிவில் நூல் பிடித்து இரண்டு இரும்புக் குச்சிகள் அடித்து, ஏர்த் மீட்டரால் அளந்தார். 46 ஓம்.

"இப்ப கணக்குப் போடு. 230 வோல்ட், 46 ஓம். எவ்வளவு ஓடும்?"

"5 ஆம்பியர்."

"லைட் பிரேக்கர் எத்தன?"

"6."

சொல்லிவிட்டுத்தான் நின்றேன். 6 ஆம்பியர் பிரேக்கர் 5 ஆம்பியருக்கு விழாது. நாள் முழுக்க நிற்கும். நம் நாட்டு வீடுகளில் ஏர்த் என்பது பெரும்பாலும் அவரவர் முற்றத்துக் கம்பிதான். மண்ணின் தடையைத் தாண்டிப் பிரேக்கரை விழுத்துமளவு கரண்ட் ஓடாது. மாசி, பங்குனியில் மண் காய்ந்தால் அந்த ஓம் இன்னும் ஏறும். அதனால்தான் ட்ரிப் சுவிட்ச். அதற்கு வேண்டியது வெறும் 0.03 ஆம்பியர். பிரேக்கர் வயரைக் காக்கிறது, ட்ரிப் ஆளைக் காக்கிறது. ஆனால் யாரும் தொடுமுன்பே அது விழ வேண்டுமென்றால் பச்சை வயர் அறுபடாமல் கம்பிவரை போயிருக்க வேண்டும். ஓ.எல். பரீட்சையில் நான் பெயர் குறித்த கம்பி எதற்கு என்று குசினிப் பின்பக்கத்தில் நின்றுதான் எனக்கு விளங்கியது.

வேலை மத்தியானத்துக்குப் பிறகும் நீண்டது. ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை பழைய இரண்டையும் உருவிவிட்டு, மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் என்று மூன்று வயர்களையும் பைப்புக்குள் புதிதாக இழுத்தோம். பச்சை மஞ்சளை ஒவ்வொரு லைட்டிலும் வெட்டி முடுக்கி, அடுத்ததுக்குக் கொண்டுபோனேன். டிரைவர்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு மெகர் மீட்டரால் 500 வோல்ட் கொடுத்து வயரின் காவலியைச் சோதித்தார். குறைந்தது ஒரு மெகா ஓமாவது வர வேண்டும், புது வயர் என்பதால் 200ஐத் தாண்டியது. டிரைவரைக் கழற்றாமல் மெகர் போட்டால் அது செத்துவிடும் என்று சொல்லி, என் மண்டையில் லேசாகத் தட்டினார், மறக்காமலிருக்க.

அறை ஒன்றில் இன்னும் நாலு சின்ன லைட்கள். அவற்றின் உடல் பிளாஸ்டிக். ஏர்த் முனையைத் தேடினேன், இல்லை. இதுவும் ஏமாற்று வேலை என்று நினைத்து ஒரு ஸ்குரூவில் பச்சை வயரைக் கட்டப் போனேன். பாஸ் லேபிளைக் காட்டினார். சதுரத்துக்குள் ஒரு சதுரம். இரட்டைக் காவலி உள்ள பொருளுக்கு அந்த அடையாளம். அதற்கு ஏர்த் கொடுக்கக் கூடாது. "ஆனாலும் பச்சை வயர அதுவரைக்கும் கொண்டுவந்து கனெக்டர்ல பூட்டி மேல வைக்கணும். நாளைக்கு டீச்சரோட மகன் வெளிநாட்டுல இருந்து வந்து, வடிவா இருக்குன்னு இரும்பு லைட் ஒன்னு வாங்கிப் போடுவாரு. அப்ப வயர் அங்க இருக்கணும்."

கடைசியாக, வயரைக் கழற்றி நுனியில் அளந்தேன். உடலில் அல்ல. ஆறு 0.6, ஏழு 0.6, எட்டு 0.7. எட்டாவதை ஆட்டிப் பார்த்தேன். எண் அசையவில்லை. எல்லாவற்றையும் முடுக்கி மெயினைப் போட்டதும் டீச்சரிடம் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னார் பாஸ். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லையாம். பயந்து பயந்து அழுத்தினார். டக்கென்று விழுந்து வீடு இருண்டது.

"அப்ப இனி மாசாமாசம் இத அழுத்தினாப் போதும், ஏர்த் சரின்னு தெரிஞ்சுடும்?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். இந்தப் பொத்தான் ட்ரிப்போட உசிர மட்டும்தான் பாக்கும். பச்சை வயர் இல்லாட்டியும் இது விழும். ஏர்த்த அளந்துதான் பாக்கணும்."

டீச்சர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். எட்டு லைட்களின் எட்டு எண்கள், ஏர்த் கம்பியின் 46, அன்றைய திகதி எல்லாவற்றையும் என்னையே எழுதச் சொன்னார் பாஸ். எழுதும்போது, கடைசி மூன்று லைட்களுக்கும் முதலில் 3.8, 4.1, 3.6 என்று வந்ததும் "எட்டுலயும் ஏர்த் இருக்கு" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் கொப்பியில் அதை எழுதவில்லை. என் மனதில் எழுதியிருக்கிறேன்.

இப்போது நானும் தனியாக வேலைக்குப் போகிறேன். என்.வி.கியூ. 3ஆம் நிலைச் சான்றிதழ் எடுத்தாயிற்று. போகும் வீடுகளில் கேட்பது ஒன்றுதான்: "எல்லா லைட்டும் எரியுதே, பொறகு எதுக்குச் சோதனை?" எரிவதற்கு இரண்டு வயர் போதும். மூன்றாவது இருக்கிறதா என்று லைட் ஒருபோதும் சொல்லாது.

அதனால் வாசிப்பவர்களிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பதித்த லைட்டைத் துடைக்கும்போது சுள்ளென்றால், லேசானதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பிரேக்கரை ஓஃப் செய்துவிட்டுத் தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். நீங்களே ஏறிக் கழற்ற வேண்டாம். மாதம் ஒரு தடவை ட்ரிப்பின் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தி விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். சீலிங் லைட் போட வந்தவர் வேலை முடிந்தது என்று சொன்னால், காசு கொடுக்குமுன் ஒவ்வொரு லைட்டுக்கும் ஏர்த் எத்தனை ஓம் என்று கேட்டு, திகதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளந்தவருக்கு அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.